வெளிர் நிறத்தின் பொருள்

போன வருடம் விருத்தாசலத்தில், தாத்தா விட்டுப்போன மனையில் அப்பா வீடு கட்டத் தொடங்கினார். ஒரு சனிக்கிழமை பெங்களூரிலிருந்து போயிருந்தேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பில்லர் கிடையாது, செங்கல் சுவரின் மேலேயே தளம் உட்காரும் வீடு. லிண்டல் மட்டத்தில் வீட்டைச் சுற்றி பெல்ட் ஓட்டுவீர்களா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே மட்டும்தான் லிண்டல் என்றார்.

"சுத்தி ஓட்டுனா கம்பி, ஜல்லி, ஆளுன்னு எல்லாம் கூட ஆவும் தம்பி. பூகம்பம் வர்ற ஊரா இது? பழமலைநாதர் உக்காந்திருக்கிற ஊரு. ஆயிரம் வருசமா ஒரு கல்லு அசையல."

அவருக்குப் பதில் சொல்ல, போனில் இந்திய நிலநடுக்க மண்டல வரைபடத்தை எடுத்துக் காட்டினேன். இமயமலையும் வடகிழக்கும் கட்ச்சும் அடர்ந்த நிறத்தில் இருந்தன. அவர் விரலால் கீழே இழுத்து நம் பக்கத்தைப் பார்த்தார். "இதுலயும் நம்ம சைடு வெளிறித்தானே கெடக்கு" என்றார்.

எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. என் பக்கம் பேசும் என்று நான் கூட்டிவந்த சாட்சி அவர் பக்கம் பேசிவிட்டது.

நான் சிவில் படித்தவன் இல்லை, நிலவியலும் தெரியாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஆனால் அந்த ஒரு பக்க வரைபடத்தைவிட அதிக மக்களின் வீட்டைத் தீர்மானித்த பிரதி இந்தியாவில் வேறொன்று இருக்குமா என்று அன்று இரவு யோசித்துக்கொண்டிருந்தேன். கவிதைத் தொகுப்புக்கும் நாவலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம். இந்தப் பிரதியை யாரும் அப்படி வாசிப்பதில்லை. அதன் நிறங்கள் என்ன சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன, எந்த இடத்தில் வாசகனைத் தப்பாக அழைத்துப்போகின்றன என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

ஒன்று எங்கே போனது?

ஐ.எஸ். 1893 என்ற இந்தியத் தர விதியின் பகுதியாக 2002-இல் வந்த வரைபடத்தை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு மண்டலங்கள்: 2, 3, 4, 5. முதலில் கண்ணில் படவேண்டிய விஷயமே இதுதான். ஏன் இரண்டில் தொடங்குகிறது? ஒன்று எங்கே?

1962-இல் முதல் வரைபடம் வந்தபோது அது பூஜ்யத்தில் தொடங்கியது. 0 முதல் 6 வரை ஏழு மண்டலங்கள். பூஜ்யம் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை என்று அர்த்தம். தீபகற்ப இந்தியாவின் பெரும்பகுதி அடிமட்ட எண்களில்தான் இருந்தது. பழைய பாறை, உறுதியான கேடயம் என்பது அன்றைய நம்பிக்கை. 1966-இல் ஒரு திருத்தம் வந்தது.

அடுத்த ஆண்டே, 1967 டிசம்பர் 11 அதிகாலையில், மகாராஷ்டிரத்தின் கொய்னா அணைப் பகுதியில் 6.3 அளவில் நிலம் அதிர்ந்தது. ஏறக்குறைய இருநூறு பேர் இறந்தார்கள். ஆபத்து மிகக் குறைவு என்று வரைபடம் சொல்லியிருந்த இடம் அது. 1970-இல் வந்த புதிய வரைபடத்தில் பூஜ்ய மண்டலம் இல்லை. 1 முதல் 5 வரை என்று ஆனது.

1993 செப்டம்பர் 30, அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன். மகாராஷ்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் கில்லாரி. விநாயகரைக் கரைத்துவிட்டு வந்து மக்கள் தூங்கிய இரவு. 6.2 அளவு நிலநடுக்கம். இறந்தவர்கள் எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்று கணக்குகள் சொல்கின்றன. கில்லாரி இருந்தது மண்டலம் 1-இல். அந்த மண்டலத்துக்கு வரைபடம் எதிர்பார்த்த அதிர்வுத் தீவிரம் ஐந்து அல்லது அதற்கும் கீழே. அதாவது தூங்குபவர்கள் விழித்துக்கொள்வார்கள், பாத்திரங்கள் ஆடும், அவ்வளவுதான். அங்கே உண்மையில் வந்தது எட்டுக்கும் மேல். 2002 வரைபடத்தில் மண்டலம் 1 காணாமல் போனது. இரண்டோடு சேர்த்துவிட்டார்கள். அதே திருத்தத்தில் சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது.

இந்த வரிசையை ஒருமுறை திரும்பப் படித்துப் பாருங்கள். கண்டத்தட்டின் நடுவில் நடந்த இரண்டு நிலநடுக்கங்களை அடுத்து, வரைபடத்தின் அடிமட்ட எண் இரண்டு முறை அழிந்திருக்கிறது. முதலில் பூஜ்யம், பிறகு ஒன்று. இமயமலையில் பெரிய நடுக்கம் வந்தால் யாரும் அதன் எண்ணை அழிப்பதில்லை, அங்கே ஏற்கெனவே அடர்ந்த நிறம்தான். வரைபடம் தோற்ற இடங்கள் எல்லாம் அதன் வெளிர் பகுதியில் இருக்கின்றன. தோல்விக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் நிறம் மாறியதே தவிர, நிறத்தை நாம் வாசிக்கும் முறை மாறவில்லை. மேஸ்திரியும் நானும் 'வெளிர்' என்பதை ஒரே மாதிரிதான் வாசித்தோம்.

தட்டு என்ற உருவகம்

தவறு வரைபடக்காரர்களிடம் மட்டும் இல்லை. நாம் எல்லோரும் பள்ளியில் கற்ற 'தட்டு' என்ற உருவகத்தில் அது ஒளிந்திருக்கிறது.

பூமியின் மேலோடு சில பெரிய தட்டுகளாக உடைந்து கிடக்கிறது, தட்டுகள் நகர்கின்றன, ஒன்றோடொன்று மோதும் விளிம்பில் நிலநடுக்கம் வருகிறது என்று படித்தோம். இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய அறிவியல் வெற்றிகளில் ஒன்று இந்தக் கோட்பாடு. ஆனால் அதன் எளிமை ஓர் அனுமானத்தில் நிற்கிறது: தட்டின் உட்புறம் வளையாது, உடையாது, முழுசாக நகரும். இந்த அனுமானம் கிட்டத்தட்ட சரி. அந்தக் 'கிட்டத்தட்ட'வில்தான் கில்லாரி இருக்கிறது. இமயமலை விளிம்பிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள ஊர் அது.

விளிம்பில் நடப்பதைப் புரிந்துகொள்ள நல்ல கணக்கு இருக்கிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹாரி ரீட் 1910-இல் சொன்னது அது. பிளவின் இரு பக்கமும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும், பிளவு மட்டும் பூட்டிக்கிடக்கும், விசை சேரும், ஒருநாள் பூட்டு விடும், மறுபடி சேரத் தொடங்கும். வரவு, செலவு, மறுபடி வரவு. வருடத்துக்குச் சில சென்டிமீட்டர் என்றால் நூறு ஆண்டில் சில மீட்டர் சேர்ந்துவிடும். அதனால் மனித வரலாற்றுக்குள்ளேயே ஒரே இடத்தில் இரண்டு மூன்று முறை பார்க்க முடிகிறது. பழைய நிலநடுக்கங்களின் பட்டியல் அடுத்ததற்கு ஓரளவு வழிகாட்டும்.

தட்டின் நடுவில் இந்தக் கணக்கு தடுமாறுகிறது. இந்தியத் தட்டு வருடத்துக்கு ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. ஆனால் விருத்தாசலமும் நாக்பூரும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நகர்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள இழுபறி செயற்கைக்கோள் கருவிகளின் பிழையளவோடு போட்டிபோடும் அளவுக்குச் சிறியது. ஒரு பேச்சுக்கு, ஒரு பிளவில் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு சேர்கிறது என்று வையுங்கள். ஒரு மீட்டர் நகர்வுக்குத் தேவையானது சேர 10,000 வருடம் ஆகும். நம் பட்டியல் எவ்வளவு நீளம்? கருவிப் பதிவு நூற்றுச் சொச்சம் வருடம். எழுத்துப் பதிவையும் சேர்த்தால் சில நூறு, சில இடங்களில் ஆயிரம்.

எங்கள் தொழிலில் இதை உடனே புரிந்துகொள்ளலாம். ஒரு மென்பொருளில் வருடத்துக்கு ஒருமுறைகூட ஓடாத ஒரு கிளை இருக்கும். போன வார லாகில் அந்தக் கிளையிலிருந்து ஒரு பிழையும் பதிவாகவில்லை என்பதால் அது சரியாக எழுதப்பட்டது என்று எந்த ஜூனியரும் சொல்லமாட்டான். சொன்னால் ரிவ்யூவில் கிழித்துவிடுவோம். ஆனால் நாடு முழுவதற்குமான ஒரு வரைபடத்தை அப்படித்தான் நெடுநாள் வாசித்திருக்கிறோம்.

உலகின் வேறு இடங்களும் இதையே சொல்கின்றன. ஆஸ்திரேலியாவின் நடுவே டெனன்ட் கிரீக். 1987-க்கு முன் அங்கே குறிப்பிடும்படி ஒன்றும் பதிவாகவில்லை. 1988 ஜனவரி 22 அன்று பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 6-க்கு மேற்பட்ட மூன்று நடுக்கங்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நிலம் மேலெழுந்து படிக்கட்டுபோல நின்றது. பிறகு பள்ளம் வெட்டிப் பார்த்தார்கள். பல்லாயிரம் ஆண்டுகளுக்குள் அந்தப் பிளவு முன்பு அசைந்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை.

வடசீனாவில் நிலைமை வேறு. அங்கே எழுத்துப் பதிவு 2,000 ஆண்டு நீளம். மியான் லியூவும் சேத் ஸ்டைனும் உடன் ஆய்வாளரும் 2011-இல் அந்தப் பதிவை எடுத்துவைத்துப் பார்த்தபோது, பெரிய நிலநடுக்கங்கள் இடம் மாறி மாறி வந்திருப்பது தெரிந்தது. ஒரே பிளவுத் துண்டு இரண்டாவது முறை பெரிதாக உடைந்ததற்குச் சான்று இல்லை. 1976-இல் டாங்ஷான் நகரமே அழிந்தபோது அதிகாரபூர்வக் கணக்கில் 2,42,000 பேர் இறந்தார்கள். அது எதிர்பார்க்கப்பட்ட இடமாக இருக்கவில்லை.

அமெரிக்காவின் நியூ மேட்ரிட் இன்னொரு வகை. 1811-12 குளிர்காலத்தில் அங்கே பெரிய நடுக்கங்கள். இன்றும் சின்னச் சின்ன அதிர்வுகள் தொடர்கின்றன. அடுத்தது இங்கேதான் என்று அதை வாசிப்பது வழக்கம். ஸ்டைனும் லியூவும் 2009-இல் வேறு வாசிப்பு ஒன்றை முன்வைத்தார்கள். மெல்ல விசை சேரும் இடங்களில் பின்னதிர்வுகள் நூற்றுக்கணக்கான வருடம் நீடிக்கலாம், இன்று அதிர்வது போனதன் எதிரொலியாகவும் இருக்கலாம் என்றார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு இல்லை இது. ஆனால் அதிர்வுகள் குவிந்த இடத்துக்கு அடர் நிறம், அதிராத இடத்துக்கு வெளிர் நிறம் என்ற நம் இலக்கணத்தையே அது கேள்வி கேட்கிறது.

பீங்கான் ஊரில் வளர்ந்தவன்

தட்டு நடுவில் உடையாது என்று எங்கள் ஊரில் யாரிடமும் சொல்ல முடியாது. விருத்தாசலம் செராமிக் ஊர். தொழிற்பேட்டையில் ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், பொம்மை, டீ கப் எல்லாம் சூளை ஏறி இறங்கும். செராமிக் படிப்புக்கென்றே அரசுக் கல்வி நிறுவனம் இருக்கிறது.

என் மாமா ஒரு சின்ன யூனிட்டில் வேலை பார்த்தார். சூளையிலிருந்து இறங்கும் ஒவ்வொன்றையும் இன்னொரு துண்டால் தட்டிக் காதால் கேட்பார். கணீரென்றால் நல்லது, சொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். சின்ன வயதில் நானும் உட்கார்ந்து தட்டியிருக்கிறேன். ஒருநாள் அவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "மாப்ள, தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு அனுப்பறோம்ல, அதுலயும் நாலு திரும்பி வரும். நமக்குக் கேக்காத விரிசல்னு ஒண்ணு இருக்கு."

கல்லூரியில் பொருளறிவியல் பாடம் வந்தபோது மாமா சொன்னதற்குப் பெயர் இருப்பது தெரிந்தது. 1921-இல் ஆலன் கிரிஃபித் கண்ணாடியை வைத்துக் காட்டினார்: நொறுங்கும் பொருளின் வலிமையை அந்தப் பொருள் தீர்மானிப்பதில்லை, அதற்குள் இருக்கும் நுண்விரிசல் தீர்மானிக்கிறது. இரும்புக் கம்பி வளைந்து எச்சரிக்கும், பீங்கான் எச்சரிக்காது. அதனால்தான் செராமிக் பொறியாளர் இந்தக் கோப்பையின் வலிமை இவ்வளவு என்று ஒற்றை எண் சொல்வதில்லை. ஸ்வீடனின் வலோடி வைபுல் வகுத்த புள்ளியியல்படி, ஆயிரம் கோப்பையில் இத்தனை இந்தச் சுமையில் உடையலாம் என்றுதான் சொல்வார். எந்தக் கோப்பை என்று கேட்டால் கையை விரித்துவிடுவார்.

இன்னொன்றும் உண்டு. வருடக்கணக்காக அலமாரியில் சும்மா இருக்கும் தட்டு ஒரு நள்ளிரவில் 'டிங்' என்று சத்தம் போடும். காலையில் பார்த்தால் மேலே இருக்கும் பளபளப்புப் பூச்சில், அதாவது கிளேசில், மயிர்க்கோடாய் விரிசல். யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். உள்மண் ஈரத்தைக் குடித்துக் குடித்து மெல்லப் பெருத்திருக்கும், மேல்பூச்சு இழுபட்டு நின்றிருக்கும். விசை ஏற்கெனவே உள்ளேதான் இருந்தது. கடைசித் துளி மட்டும் அன்றைக்கு வந்தது.

2016-இல் எரிக் கலேயும் உடன் ஆய்வாளர்களும் கண்டத்தட்டின் நடுப்பகுதியைப் பற்றிச் சொன்னது இதற்கு வெகு அருகில் வருகிறது. அங்கே விசை புதிதாகச் சேர வேண்டிய அவசியம் இல்லை. பழைய பாறை நெடுங்காலமாக விசையைத் தேக்கிவைத்திருக்கிறது. மேலே ஒரு சின்ன மாற்றம், பாரம் ஏறுவதோ இறங்குவதோ, தண்ணீர் உள்ளே இறங்குவதோ, ஒரு பிளவை அவிழ்த்துவிடலாம். செலவானது மறுபடி சேரும் என்றும் கட்டாயம் இல்லை. கொய்னாவில் 1960-களின் தொடக்கத்தில் நீர் தேங்கத் தொடங்கிய பிறகு அதிர்வுகள் ஆரம்பித்து இன்றுவரை தொடர்வதும், கராடை மையமாக வைத்து நம் விஞ்ஞானிகள் அங்கே மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டதும் இந்தக் கேள்வியைத் துரத்தித்தான்.

இந்த ஒப்புமையை ரொம்ப தூரம் இழுக்கக் கூடாது. உடைந்த கப்பைக் குப்பையில் போடுவோம். பூமியின் பிளவு உடைந்தபின் மேலிருக்கும் பாறையின் பாரத்தில் மறுபடி இறுகிக்கொள்ளும். மேலும் பெரும்பாலான நிலநடுக்கம் புது விரிசல் இல்லை, ஏற்கெனவே இருக்கும் பிளவில் நடக்கும் சறுக்கல். கில்லாரியை ஆராய்ந்த சி.பி. ராஜேந்திரன், குசலா ராஜேந்திரன் முதலானோரும் அதைப் பழைய பிளவு ஒன்று மறுபடி விழித்ததாகத்தான் வாசித்தார்கள். ஆனால் மாமாவின் வாக்கியம் அங்கேயும் பொருந்துகிறது. நமக்குக் கேட்காத விரிசல் என்று ஒன்று இருக்கிறது.

பழமலையின் சாட்சி

இப்போது மேஸ்திரியின் வாதத்துக்கு வருகிறேன். சிரித்துத் தள்ளிவிடக்கூடிய வாதம் இல்லை அது.

ஊரின் தமிழ்ப்பெயர் திருமுதுகுன்றம். மூத்த மலை. சுற்றிப் பார்த்தால் பெரிய மலை எதுவும் தெரியாது, ஆனால் பெயர் பழமையைத் தாங்கி நிற்கிறது. பழமை என்றால் உறுதி என்பது நம் மொழியில் ஊறிய எண்ணம். குறளில் பொறுமைக்கே நிலம்தான் உவமை. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய கோயில் இன்றும் நிற்கிறது. ஆயிரம் வருடம் விழாமல் நிற்கும் கற்கட்டடம் ஒரு நல்ல கருவிப் பதிவுதான். இந்த இடத்தில் இந்த ஆயிரம் வருடத்தில் கோயிலைச் சாய்க்கும் அளவு நடுக்கம் வரவில்லை என்று அது சொல்கிறது. உலகின் பல இடங்களில், விழும் நிலையில் ஒன்றன்மேல் ஒன்று நிற்கும் பாறைகளை வைத்து விஞ்ஞானிகளும் இதே தர்க்கத்தைப் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் கோயில் ஆயிரத்துக்குத்தான் சாட்சி. நாம் கேட்கும் கேள்வி பத்தாயிரத்துக்கானது. பழைய பாறை என்பதும் அரைச் சாட்சிதான். கில்லாரியில் எரிமலைப் பாறைக்கு அடியில் இருந்ததும் மிகப் பழைய பாறையே.

எங்கள் ஊரின் காலடியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மேற்கே 250 கோடி வருடத்துக்கும் மூத்த கடினப் பாறை. கிழக்கே கடல் மட்டத்தை நோக்கிச் சரியும் படிவுப் பாறை. இரண்டும் சந்திக்கும் ஓரத்தில் ஊர். 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டு புதுச்சேரி, விருத்தாசலம், அரியலூர் மூன்று இடங்களிலும் டைனோசர் காலத்துக் கடற்படிவு வெளியே தெரிவதை விவரித்துவிட்டார். அந்தப் படிவு நிறைந்திருக்கும் காவிரிப் படுகை, இந்தியா அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்தபோது நிலம் இழுபட்டுக் கிழிந்த இடம். கிழிசலின் பிளவுகள் படிவுக்கு அடியில் புதைந்திருக்கின்றன. உலகெங்கும் தட்டின் நடுவில் வந்த பெரிய நடுக்கங்களில் கணிசமானவை இப்படிப்பட்ட பழைய கிழிசல்களில் வந்தவை என்று ஆர்ச் ஜான்ஸ்டனும் லிசா கான்டரும் 1990-இல் காட்டினார்கள். நியூ மேட்ரிட், கட்ச், ஜபல்பூர் எல்லாம் அந்த வகை. எல்லாக் கிழிசலும் அதிரும் என்று இதற்கு அர்த்தமில்லை. பெரும்பாலானவை சும்மாதான் கிடக்கின்றன.

2001-இல் எனக்குப் பதினோரு வயது. அந்த வருடம் குடியரசு தினத்தன்று டிவியில் பூஜ் நகரத்தைப் பார்த்தோம். எங்கோ நடப்பது என்று பார்த்தோம். செப்டம்பர் 25, இரவு எட்டரை மணி சுமாருக்கு வீட்டு அலமாரியில் மாமா கொடுத்த பீங்கான் பொம்மைகள் தாங்களாகவே ஒன்றோடொன்று தட்டிக்கொண்டன. சில நொடிதான். மாமா தட்டும்போது வரும் அதே கணீர் சத்தம், தட்டுவதற்கு ஆள் இல்லாமல். புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவு நடுக்கம் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. சென்னையிலும் ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்தது. அதற்குப்பின் எங்கள் மாவட்டத்தில் நிலநடுக்கம் என்றால் சுமத்ரா, கடல், அலை என்றாகிவிட்டது. அதாவது, தூரத்திலிருந்து வருவது. பொம்மைகள் தட்டிக்கொண்ட அந்த இரவை எல்லோரும் மறந்துவிட்டார்கள். நானும்தான்.

சுந்தரர் முதுகுன்றத்தில் பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று பழமொழியே உண்டு. இடம் மாறித் தேடும் முட்டாள்தனத்துக்கு அதைச் சொல்கிறோம். ஆனால் கதையில் பொன் குளத்தில்தான் கிடைக்கிறது. தட்டின் விளிம்பில் பிடித்துத் தள்ளும் விசை ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி ஒரு கரும்புக்காட்டில் வெளிப்படுவதை வேறு எப்படிச் சொல்வது? போட்ட இடத்தில் மட்டும் தேடுகிறவனுக்கு அது கிடைக்காது.

பீதியும் ஒரு மோசமான வாசிப்பு

இவ்வளவையும் படித்துவிட்டு 'ஆபத்தில் தமிழகம்' என்று தலைப்பு போடுகிறவர்களும் வரைபடத்தைத் தப்பாகத்தான் வாசிக்கிறார்கள். எங்கும் எப்போதும் வரலாம் என்று சொல்வதில் ஒரு தகவலும் இல்லை. விருத்தாசலத்தில் என் வாழ்நாளில் சுவர் விழும் அளவு நடுக்கம் வருவதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. இமயமலை அடிவாரத்தில் இருப்பவனும் நானும் ஒரே ஆபத்தில் இல்லை. 2002 விதிப்படி மண்டலம் 5-க்கான கெழு 0.36, மண்டலம் 2-க்கு 0.10. இந்த வித்தியாசம் நியாயமானது. பணம் குறைவாக இருக்கும் நாட்டில் அதை எங்கே முதலில் செலவழிப்பது என்று தீர்மானிக்க இப்படி ஒரு வரைபடம் வேண்டும். அதைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, காரணமும் இல்லை. கைவசம் இருந்த பட்டியலையும் நிலவியலையும் வைத்து நேர்மையாகச் செய்தார்கள். தவறு தெரிந்ததும் திருத்தினார்கள்.

என் விமர்சனம் ஒன்றே ஒன்று. வரைபடத்தில் இரண்டு வேறு செய்திகள் ஒரே நிறத்தில் அச்சாகியிருக்கின்றன. 'இங்கே ஆபத்து குறைவு என்று தெரியும்' என்பது ஒன்று. 'இங்கே என்ன என்று சொல்லும் அளவுக்கு நம் பதிவு நீளமில்லை' என்பது இன்னொன்று. வாசகன் இரண்டையும் முதலாவதாகவே வாசிக்கிறான். கில்லாரி இரண்டாவது வகை. முதலாவதாக வாசிக்கப்பட்டது.

இந்த வாசிப்புக்கு நடைமுறை விளைவு உண்டு. செங்கல் வீட்டுக்கு எங்கெங்கே பெல்ட், மூலையில் எத்தனை கம்பி என்று சொல்லும் ஐ.எஸ். 4326 விதி, எவ்வளவு கட்டாயம் என்பதை மண்டலத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. நிறம் வெளிறினால் கம்பியும் குறைகிறது.

கில்லாரியில் கொன்றது 6.2 என்ற எண் மட்டும் இல்லை. அந்த அளவு நடுக்கம் உலகில் ஒவ்வொரு வருடமும் பல தடவை வருகிறது. உருண்டைக் கல்லையும் சேற்றையும் வைத்து எழுப்பிய தடித்த சுவர்கள், சுவரின் இரண்டு முகங்களையும் கோர்க்கும் நீளக்கல் இல்லாமை, வெயிலுக்காக ஏற்றிய மண்கூரையின் பாரம், ஊரே உள்ளே தூங்கிய நேரம். எல்லாம் சேர்ந்து நடந்தது. அதற்கு முந்தின வருடமே அங்கே சின்ன அதிர்வுகள் வந்திருந்தன. வீடுகள் அப்படியேதான் இருந்தன. பாறையைப் பற்றிய நம் அறிவு எவ்வளவு குறைவோ, சுவரைப் பற்றிய அறிவு அவ்வளவு அதிகம். எந்தச் சுவர் விழும் என்று நமக்குத் தெரியும். மாமா கப்பைத் தட்டுவதைவிட நிச்சயமாகத் தெரியும்.

ஆகவே, பதிவு போதாத இடத்தில் நாம் கேட்கவேண்டியது 'எப்போது வரும்' என்பதை இல்லை. வராமல் போனால் எவ்வளவு வீண், வந்துவிட்டால் எவ்வளவு இழப்பு என்று கேட்கலாம். பெல்ட்டுக்கு ஆகும் செலவு மொத்த வீட்டில் ஒரு சிறு பங்கு. மார்பிள் ஒட்டுவதில் கொஞ்சம் குறைத்தால் வந்துவிடும்.

இதை அப்பாவிடம் சொன்னேன். நியூ மேட்ரிட், டெனன்ட் கிரீக் எல்லாம் சொல்லவில்லை. கில்லாரியின் சுவரைப் பற்றி மட்டும் சொன்னேன். "எவ்ளோ ஆவும்?" என்றார். மேஸ்திரி கணக்குப் போட்டுச் சொன்னார். அப்பா கொஞ்சநேரம் சுவரையே பார்த்துவிட்டு, "போட்டுடுங்க மேஸ்திரி. பையன் ராத்திரி தூங்கணும்ல" என்றார். மேஸ்திரிக்குச் சிரிப்பு வந்தாலும் வேலையை ஒழுங்காகச் செய்தார். வீட்டைச் சுற்றி நாலு கம்பி, ரிங்கின் முனையை நன்றாக உள்ளே மடித்து, மூலையில் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டி. பூசியபிறகு அது சுவருக்குள் மறைந்துவிட்டது.

பொங்கலுக்குப் போனபோது அதே மேஸ்திரி அடுத்த தெருவில் இன்னொரு வீடு எழுப்பிக்கொண்டிருந்தார். லிண்டல் மட்டம் முடிந்திருந்தது. ஜன்னலுக்கு மேல் மட்டும்தான் கான்கிரீட்.

"இங்க பெல்ட் ஓட்டலையா?" என்றேன்.

"அவங்க கேக்கலையே தம்பி" என்றார்.